விளக்கணைத்த படகு

ஆரணியில் தனசேகரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. லைட்டு சேகர் என்று கேட்க வேண்டும். கோட்டை மைதானத்துக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூல் சிட்டங்களைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுப்பது அவன் வேலை. அன்றைக்கு என்ன நிறமோ அது முழங்கை வரைக்கும் ஏறியிருக்கும். அரக்குச் சாயம் போட்ட நாளில் அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பட்டப்பெயர் வந்தது அந்த வேலையால் அல்ல. நெல் அறுவடை தொடங்கிவிட்டால் சுற்று வட்டாரத்து டிராக்டர்கள் எல்லாம் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆரணி அரிசி ஆலைகளுக்கு வரும். பாதி வண்டிகளுக்குப் பின்விளக்கு இருக்காது. சேகர் மாலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போவான். பையில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஒட்டுத்தாள் சுருள், கத்திரிக்கோல், துடைக்கிற துணி. நிற்கிற வண்டியின் பின்பலகையைத் துடைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒட்டுவான். யாரிடமும் கேட்க மாட்டான், காசும் வாங்க மாட்டான்.

"யோவ் லைட்டு, என் பொண்டாட்டி இருட்டுல தெரிய மாட்றா. அவளுக்கும் ஒண்ணு ஒட்டி உடு" என்று டிராக்டர்காரர்கள் கேலி பேசுவார்கள். அவன் சிரித்ததில்லை. கோபப்பட்டதும் இல்லை.

அவன் ஆரணிக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் மரக்காணம் பக்கம் பனையடிக்குப்பம் என்று மட்டும் சொல்லியிருந்தான். கடற்கரைக்காரன் கடலை விட்டு நூறு கிலோமீட்டர் உள்ளே வந்து சாயம் முக்குவது ஏன் என்று பட்டறைக்காரர் கேட்டபோது, "தண்ணி ஒத்துக்கலைங்க" என்றான். பட்டறைக்காரர் குடிதண்ணீரைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

வந்து இரண்டு வருடம் கழித்து சரண்யாவைக் கட்டிக்கொண்டான். அவள் தறிக்காரக் குடும்பத்துப் பெண். அதே பட்டறைக்கு நூல் வாங்க வந்து போனதில் பழக்கம். முதல் புருஷன் விட்டுப் போய்விட்டதால் வீட்டில் பெரிதாக எதிர்க்கவில்லை. நல்ல மனிதன்தான் என்று சரண்யா கண்டுகொண்டாள். குடி இல்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் அவனோடு ராத்திரிகளைக் கழிப்பதற்கு அவள் தனியாகப் பழக வேண்டியிருந்தது. படுக்கும் அறையில் விளக்கை அணைக்கக் கூடாது. மின்சாரம் போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அப்புறம் இன்னொன்று. கதவைத் தட்டிவிட்டு அவன் வாசலில் நிற்கும்போது, உள்ளேயிருந்து அவள் "யாரு?" என்று கேட்டால் பதில் வராது. மறுபடியும் கேட்டாலும் வராது. திறந்து பார்த்தால் வியர்த்து நின்றுகொண்டிருப்பான்.

"வாயத் தொறந்து நான்தான்னு சொன்னா இன்னாங்க? திருடன் மாதிரி நின்னுகினு இருந்தா நான் இன்னான்னு நினைக்கறது?" என்று ஆரம்பத்தில் சண்டை போட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். தட்டினால் திறந்துவிடுவாள்.

போன தை மாதம் அது நடந்தது.

சேத்துப்பட்டு சாலையில் ஒரு களத்துமேட்டில் நான்கு டிராக்டர்கள் நிற்பதாகக் கேள்விப்பட்டு சேகர் போயிருந்தான். ஒட்டி முடித்துத் திரும்பும்போது எட்டரை மணி இருக்கும். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் மின்சாரமும் இல்லை. எதிரே ஒரு மினி வேன் ஒற்றை முகப்பு விளக்கோடு, தறிகெட்ட வேகத்தில் அவனைக் கடந்து போனது. ஒரு பர்லாங்கு தள்ளி, சாலை ஓரத்தில் ஒரு டி.வி.எஸ் வண்டி கவிழ்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

சேகர் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். ஏன் அணைத்தான் என்று பிறகு அவனுக்கே புரியவில்லை. அணைத்ததும் நாலாபக்கமும் தவளைச் சத்தம். இடது கைப்பக்கம், கால்வாய்க்கு அந்தண்டை இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருப்பா அது?"

வலியில் கத்துகிற குரல் அல்ல. அடுத்த வீட்டுக்காரனை விசாரிக்கிற மாதிரி நிதானமாக இருந்தது. அதே சொல். அதே இடது பக்கம். சேகரின் கால் தானாக உதைத்தது, வண்டி கிளம்பிவிட்டது. அரை கிலோமீட்டர் போய்விட்டான். ஒரு சின்னப் பாலத்தின் மேல் வண்டி நின்றது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும். முகப்பு விளக்கு வெளிச்சத்தில் பனி புகை மாதிரி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. பிறகு வண்டியைத் திருப்பினான்.

கால்வாயில் கிடந்தவர் அருள்தாஸ், சேத்துப்பட்டுக் கொத்தனார். கால் இரண்டு இடத்தில் முறிந்து, இடுப்பு வரைக்கும் தண்ணீரில் கிடந்தார். சேகர் இறங்கி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். வரும் வரைக்கும் நாற்பது நிமிஷம் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தான்.

"தம்பி யாரு?" என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். "முதல்ல ஒருத்தரு நின்னாரு. கூப்டேன். போய்ட்டாரு."

சேகர் அவர் தலையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு காவலர் குறிப்பேட்டோடு வந்தார். ஈரச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேகரைப் பார்த்து, "நீதான் கொண்டாந்தியா? இடிச்சது யாருன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

"நான்தான் சார் இடிச்சேன்."

காவலர் நிமிர்ந்தார். "நீயா? எதால இடிச்ச?"

"போட்டால."

"இன்னாது?"

"போட்டால சார். லைட்ட அணைச்சிட்டு ஓட்டிகினு வந்தேன். அவரு கூப்டாரு. நான் நிக்கல."

காவலர் கிட்டே வந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தார். சாராய வாடை இல்லை. உள்ளே அருள்தாஸ் நினைவோடுதான் இருந்தார். இடித்தது வேன் என்றும், இந்தத் தம்பிதான் காப்பாற்றியது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பயத்துல மூளை கலங்கிப் போயிருக்குது. வூட்ல இருந்து யாரையாவது வரச்சொல்லு" என்றார் காவலர்.

சரண்யா ஆட்டோவில் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் படகால் இடித்ததாக உளறியதைக் காவலர் அவளிடம் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து ஈரத் துணியை மாற்றச் சொல்லி, எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எந்த போட்டு?" என்றாள்.

அவன் சொன்னான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.

அப்போது அவன் நெடுஞ்செழியன் என்பவருடைய பைபர் படகில் ஓட்டியாக இருந்தான். கூட மூன்று பேர். அந்தக் குப்பத்தில் ராத்திரிக் கடலை அவனைப் போல அறிந்தவர்கள் குறைவு. கரையில் தெரியும் இரண்டு விளக்குகள் எப்போது ஒன்றின் கீழ் ஒன்றாக வருகின்றன என்று பார்த்தே தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவான். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, குண்டில் ஒட்டி வரும் சேற்றைத் தொட்டுப் பார்த்தே ஆழமும் இடமும் சொல்வான். அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே இருந்தது.

அந்த வாரம் வடகிழக்கே ஓர் இடத்தில் அவர்களுக்கு நல்ல இறால் கிடைத்தது. மறுநாளே வேறு படகுகள் விளக்கைப் பார்த்துப் பின்னாலேயே வந்துவிட்டன. "இன்னைக்கு லைட்ட அணைச்சிட்டுப் போ" என்றார் நெடுஞ்செழியன். சேகருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எல்லாரும் செய்கிறதுதானே. அமாவாசைக்கு முந்தின ராத்திரி. கரையை விட்டதும் கம்பத்து விளக்கை அணைத்தான். மற்ற மூவரும் வலைக்குவியல் மேல் தூங்கிவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை. யாருக்கும் முன்னால் போய்விட வேண்டும் என்று இன்ஜினை முழு வேகத்தில் விட்டான்.

முன்னால் ஒரு டார்ச் வெளிச்சம் சட்டென்று எழுந்தது. மிகக் கிட்டே. ஒரு கை அதை மேலே தூக்கி ஆட்டியது. சேகர் கைப்பிடியைத் திருப்புவதற்குள் படகின் அடியில் ஏதோ தடதடவென்று உரசிக்கொண்டு போனது. டார்ச் அணைந்துவிட்டது.

வலை மேல் படுத்திருந்த ஒருவன் தலையைத் தூக்கி, "இன்னாடா?" என்றான்.

"கட்டை. மெதக்கற கட்டை" என்றான் சேகர். அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

சேகர் இன்ஜினை நிறுத்தினான். படகு ஆடிக்கொண்டு நின்றது. அப்போதுதான், பின்னால் இடது பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"யாருப்பா அது?"

கந்தசாமி அண்ணன். நான்கு வீடு தள்ளி இருக்கிறவர். தனியாகக் கட்டுமரத்தில் போய்ப் பாறைத் திட்டு ஓரத்தில் தூண்டில் போடுகிறவர். சேகர் சின்னப் பையனாக இருந்தபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அலையில் குளித்தவர். 'நான்தான்ணே, சேகரு' என்று சொல்ல வேண்டியதுதான். வாய் திறக்கவில்லை. விளக்கைப் போட்டால் மூவரும் எழுந்துவிடுவார்கள். இவ்வளவு பெரிய ஓட்டி விளக்கில்லாமல் வந்து மோதிவிட்டான் என்று குப்பம் பேசும். கட்டுமரம் முழுகாது, மரம் எப்படியும் மிதக்கும், பிடித்துக்கொண்டு கரை வந்துவிடுவார் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இன்ஜினைக் கிளப்பிவிட்டான்.

கட்டுமரத்தின் கயிறு அறுந்து மரங்கள் தனித்தனியாகக் கரை ஒதுங்கின. கந்தசாமி மூன்றாம் நாள் ஒதுங்கினார். ஏதோ கப்பல் இடித்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சேகரும் பாடைக்குத் தோள் கொடுத்தான். கருமாதி முடிந்த மறுவாரம் ஊரைவிட்டுக் கிளம்பினான். கடல் சத்தம் கேட்காத ஊராகப் பார்த்து வந்தான். குரல் கூடவே வந்துவிட்டது. பட்டறையில் தண்ணீர் கொதிக்கும்போது வரும். விசைத்தறிச் சத்தம் நிற்கும் அந்த ஒரு நொடியில் வரும். எப்போதும் இடது பக்கத்திலிருந்து.

சொல்லி முடித்தபோது சரண்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷன இருட்டுல உட்டுட்டு வந்துதான் என் கழுத்துல தாலி கட்டினியா?" என்றாள். இத்தனை வருடத்தில் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் தலை குனிந்திருந்தான். அவன் ஈரத் துணியை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, "அவருக்குப் பொண்டாட்டி இருக்குதா?" என்று கேட்டாள்.

"இருக்குது. காசியம்மா. ஒரு பையன்."

"அப்ப அங்க போய்ச் சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

அடுத்த ஞாயிறு, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணத்துக்குப் பஸ் மாறினார்கள். சரண்யாவும் கூட வந்தாள். "நடுவுல இறங்கி ஓடிடுவ" என்றாள். அவள் சொன்னது தப்பில்லை. செஞ்சியில் இறங்கிவிடலாமா என்று அவன் நினைத்தான்.

காசியம்மாள் வாசலில் கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவனை உடனே கண்டுகொண்டாள். "அட, சேகரா? பொண்டாட்டியா இது? உள்ள வாம்மா" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அந்த வரவேற்பைத்தான் சேகரால் தாங்க முடியவில்லை. வாசலிலேயே நின்று, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மகன் ரஞ்சித்குமார் உள்ளேயிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. அப்பனைப் போலவே அகலமான தோள். சேகர் முடிக்கும்போது ரஞ்சித் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து மணலில் தள்ளினான். இரண்டு அடி விழுந்தது. சரண்யா தடுக்க வரவில்லை. காசியம்மாள்தான் தடுத்தாள்.

"உடுடா. அவங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

மணலில் கிடந்தவன் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். "இன்னா கேட்டாரு? திருப்பிச் சொல்லு."

"யாருப்பா அதுன்னு கேட்டாரு அண்ணி."

"எப்படிக் கேட்டாரு? அலறிகினு கேட்டாரா?"

"இல்ல. சும்மா கேட்டாரு. வாசல்ல யாரோ வந்து நின்னா கேக்கற மாதிரி."

"அதே மாதிரி சொல்லிக் காட்டு."

சேகர் சொல்லிக் காட்டினான். பதினோரு வருடம் காதில் கேட்ட குரல், அச்சு அசலாக வந்தது. காசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "அவருதான்" என்றாள். "தூங்கிக்கினு இருக்கும்போதே போய்ட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையே இல்ல. அவரு கடல்ல தூங்கற ஆளே இல்ல." கண்ணைத் திறந்து, "அந்த இடம் தெரியுமா உனக்கு?" என்றாள்.

"தெரியும். ஆனா ராத்திரிலதான் அடையாளம் சொல்ல முடியும். கரை வெளக்க வெச்சித்தான் எடம் பிடிச்சேன்."

"அப்ப ராத்திரியே கூட்டிகினு போ."

குப்பத்தில் விஷயம் பரவ அரை மணிகூட ஆகவில்லை. நெடுஞ்செழியன் இப்போது பஞ்சாயத்துத் தலைவர். அவர் வந்து, பழசைக் கிளறினால் ஊருக்குத்தான் கெட்ட பேர், அதிலும் பொம்பளை கடலுக்குப் போவது வழக்கமில்லை என்றார். காசியம்மாள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "லைட்ட அணைச்சிட்டுப் போன்னு சொன்னது யாரு? அத மொதல்ல சபையில சொல்லு. அப்புறம் நான் போவலாமா வேணாமான்னு பேசலாம்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ரஞ்சித்தின் படகைத் தள்ளினார்கள். வாடைக் காற்று மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டினான் ரஞ்சித். சேகர் பக்கம் இன்னொன்றை எறிந்தான். சரண்யா கரையில் நின்றுவிட்டாள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் ரஞ்சித் இன்ஜின் கைப்பிடியை விட்டு எழுந்தான்.

"நீயே ஓட்டு. இடத்தக் காட்டு."

பதினோரு வருடம் கழித்து அந்தக் கைப்பிடி சேகரின் உள்ளங்கைக்குள் வந்தது. முதலில் கம்பத்தைப் பார்த்தான். வெள்ளை விளக்கு எரிந்தது. முன்னால் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையும் எரிந்தன. "நீ முன்னால உக்காரு ரஞ்சித். டார்ச்ச கையில வெச்சிக்கோ, அடிக்காத. அடிச்சா உன் கண்ணு கூசிடும், இருட்டுல ஒண்ணும் தெரியாது. ஏதாவது கறுப்பாத் தெரிஞ்சா மட்டும் அடி." ரஞ்சித் முறைத்தான். ஆனால் போய் உட்கார்ந்தான்.

இன்ஜினின் கால்பங்கு வேகத்தில்தான் போனார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேகர் இன்ஜினை நிறுத்தினான். நிறுத்திக் காது கொடுத்தான். தூரத்தில் ஒரு படகின் சத்தம். வலது பக்கம் வலையின் மிதவை மேல் ஒரு சின்ன மினுக்கு விளக்கு. அதைச் சுற்றிக்கொண்டு போனான். காசியம்மாள் நடுப்பலகையைப் பிடித்தபடி, "எதுக்கு நிறுத்தி நிறுத்திப் போற?" என்று கேட்டாள்.

"இன்ஜின் ஓடினா எதிர்ல இருக்கறவன் கத்தறது கேக்காது அண்ணி."

அவள் முகத்தைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள்.

கரையைத் திரும்பிப் பார்த்தபோது சேகருக்குத் திக்கென்றது. அவனுக்குத் தெரிந்த கரை அங்கே இல்லை. அப்போது கோயில் விளக்கும் செல்போன் கோபுரத்துச் சிவப்பு விளக்கும் உப்பளத்து ஒற்றை விளக்கும்தான் இருந்தன. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க விடுதிகள். நீலம், மஞ்சள், ஓடுகிற விளக்கு, ஆடுகிற விளக்கு. கோயில் விளக்கு அந்தக் கூட்டத்தில் கரைந்து போயிருந்தது. கோபுரமே மூன்று நின்றன.

"ஜிபிஎஸ்ஸுல நம்பர் இருந்தா நேரா போயிடலாம்" என்றான் ரஞ்சித், முன்னாலிருந்து.

"நம்பர் இல்ல. கண்ணுதான் இருக்குது."

சேகர் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தான். தெற்கே கலங்கரை விளக்கத்தின் வீச்சு மட்டும் மாறவில்லை. அதை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டான். மூன்று கோபுரங்களில் பழையது எது? நடுவில் இருப்பது குட்டை. வடக்கே இருப்பதன் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பழையது விடாமல் எரியும். அப்படியானால் தெற்கே இருப்பதுதான். அதற்குக் கீழே சற்றுத் தள்ளி, விடுதி விளக்குகளுக்கு நடுவில், வெளிர் பச்சையாக ஒரு பொட்டு. கோயில் குழல்விளக்கு. படகை வடக்கே நகர்த்தினான். பொட்டு மெல்ல மெல்ல நகர்ந்து சிவப்பு விளக்கின் அடியில் வந்து நின்றது.

ஈயக்குண்டுக் கயிற்றை இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்து இறக்கினான். ஏழு பாகத்தில் குண்டு தரை தட்டியது. மேலே இழுத்து விரலால் தடவினான். மணல். இன்னும் கிழக்கே போனான். மறுபடி இறக்கினான். எட்டு பாகம். இந்த முறை குண்டில் கறுப்புச் சேறு, அதில் நொறுங்கிய சிப்பி. பாறைத் திட்டின் ஓரம். கலங்கரை விளக்கத்தின் வீச்சு தெற்கிலிருந்து வந்து படகின் வால்பக்கத்தைத் தடவிக்கொண்டு போனது. அன்றைக்கும் அப்படித்தான் தடவியது.

"இங்கதான்" என்றான்.

இன்ஜின் நின்றது. தண்ணீர் படகின் அடியில் களுக் களுக்கென்று பேசியது. மூன்று பேரும் அசையவில்லை. கேட்கப்போகிறது, இப்போது கேட்கப்போகிறது என்று சேகர் காத்திருந்தான். மற்ற இருவரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ரஞ்சித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் கோபம் போய், சின்னப் பிள்ளையின் பயம் வந்திருந்தது. இருட்டில் ஒரு மீன் துள்ளி விழுந்ததும் டார்ச் அவன் கையிலிருந்து நழுவி உருண்டது.

"எந்தப் பக்கத்துல இருந்து கேட்டாரு?" என்றாள் காசியம்மாள்.

சேகர் இடது கையைப் பின்னால் நீட்டிக் காட்டினான்.

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் திரும்பினாள். படகு ஆடியது. ரஞ்சித் ஓடி வந்து அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஒன்றுமே தெரியாத அந்த இருட்டைப் பார்த்து, வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்குப் பதில் சொல்கிற குரலில் அவள் சொன்னாள்:

"சேகருதான்யா. நம்ம சேகரு. இருட்டுல தெரியாம வந்துட்டான். பயந்துகினு ஓடிட்டான்."

கொஞ்சம் நிறுத்தி, "நான் வந்துகிறேன். புள்ளையும் வந்துகிறான்" என்றாள்.

அதற்கப்புறம்தான் அழுதாள். கொண்டு வந்திருந்த வாழையிலையைப் பிரித்தாள். சோறு, வறுத்த மீன், வெற்றிலை, ஒரு கட்டு பீடி. கற்பூரத்தைக் கொளுத்தி இலையோடு தண்ணீரில் விட்டாள். காற்றில் அது உடனே அணைந்துவிட்டது. மறுபடி கொளுத்த ரஞ்சித் குனிந்தபோது, "வேணாம்டா, போதும்" என்றாள்.

ரஞ்சித் ஜிபிஎஸ் கருவியை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினான். அந்த இடத்தின் எண்கள் திரையில் வந்தன. பெயர் கேட்டது. கட்டைவிரலால் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து அடித்து, சேமித்தான். 'அப்பா' என்று அடித்திருப்பதைத் திரை வெளிச்சத்தில் சேகர் பார்த்தான்.

திரும்பும்போதும் அதே கால் வேகம்தான். கரை கிட்டே வந்து அலையின் சத்தம் பெரிதானதும் ரஞ்சித் கைப்பிடிக்கு வந்தான். "இனிமே நான் பாத்துக்கறேன், நகரு" என்றான். மூன்று பெரிய அலைகளை விட்டுவிட்டு, நான்காவதின் முதுகில் படகை ஏற்றி மணலில் கொண்டுபோய் நிறுத்தினான். நல்ல ஓட்டிதான்.

காசியம்மாள் இறங்கிச் சேலையைப் பிழிந்துகொண்டாள். சேகர் அவள் காலில் விழப்போனான். அவள் நகர்ந்துகொண்டாள். "அதெல்லாம் வேணாம். கேஸு கீஸுன்னு நான் போவப் போறதில்ல. ஆனா நீ இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராத. உன்னப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றாள். சரண்யாவின் கையை மட்டும் பிடித்து, "நீ வந்தா வா" என்றாள்.

மறுநாள் பஞ்சாயத்தில் எல்லாரும் கூடியிருக்க, நடந்ததை சேகர் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு வேகம், முன்னால் யார் இருந்தார்கள், விளக்கு எப்போது அணைந்தது என்று ஓட்டிகள் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விளக்கில்லாமல் போகிற படகுக்கு ஒரு மாதம் கடல் கிடையாது என்று முடிவானது. நெடுஞ்செழியன் அதைப் படித்துச் சொல்லும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதிப் பேர் அதை மதிக்கிறார்கள் என்றும், பாதிப் பேர் இன்னும் அணைத்துவிட்டுத்தான் போகிறார்கள் என்றும் பிறகு சரண்யாவிடம் காசியம்மாள் போனில் சொன்னாள். ரஞ்சித் அணைப்பதில்லை.

ஆரணிக்குத் திரும்பி இரண்டு மாதம் சரண்யா அவனோடு சரியாகப் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கும் தெருவுக்கும் சேகரே சொல்லிவிட்டான். சிலர் அவன் ஒட்டும் தாளை வேண்டாம் என்றார்கள். சிலர் முன்பைவிட மரியாதையாகப் பேசினார்கள். இரண்டுமே அவனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தன. அருள்தாஸ் கொத்தனார் ஊன்றுகோலோடு வந்து ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுப் போனார். முதலில் நின்றுவிட்டுப் போனதும் தான்தான் என்பதை அவரிடமும் சொன்னான். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அப்புறம் மோர் கேட்டார்.

குரல் நிற்கவில்லை. பங்குனியில் ஒரு ராத்திரி கோடை மழைக்கு மின்சாரம் போய்த் தெருவெல்லாம் இருண்டபோது, இடது பக்கத்திலிருந்து பழையபடியே தெளிவாகக் கேட்டது. சேகர் எழுந்து உட்கார்ந்தான். பக்கத்தில் சரண்யாவும் விழித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுதா?" என்றாள்.

"ம்."

அவள் எழுந்து மெழுகுவர்த்தியைத் தேடவில்லை. அவன் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "படுங்க" என்றாள்.